நூல் விடும் தயிர்

தண்டர் பேயில், அல்கோமா தெருவில்,
நிலவறை வாடகை வெந்நீரும் சேர்த்து ஐந்நூற்றைம்பது.
மேல்வீட்டில் ஐலா. நகரப் பேருந்து ஓட்டுகிறாள்.
பனி அள்ளும் மண்வெட்டியை இரவல் கேட்டால்
தானே வந்து அள்ளிவிட்டுப் போகிறவள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
தட்டு மூடிய கண்ணாடிக் கிண்ணத்தோடு
படியிறங்கி வந்து "வீலி" என்றாள்.
எனக்கு வேலி என்று கேட்டது.
எந்த வேலி, யார் தாண்டியது என்று யோசிப்பதற்குள்
"ஃபின்லாந்துத் தயிர்" என்று சொல்லிவிட்டு
ஷிப்டுக்கு ஓடிவிட்டாள்.

தயிர்!
மூன்று மாதமாக நான் தின்றதெல்லாம்
கடையில் விற்கும் கிரேக்கம்,
சுவருக்குப் பூசலாம்.
சோற்றோடு சேராது.
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
தட்டோரத்தில் தனியே நிற்கும்.

சோறு வடித்து ஆறவைத்தேன்.
கல்லுப்பைக்கூடத் தேடி எடுத்தேன்.
கரண்டியை விட்டுத் தூக்கினேன்.
தூக்கினேன், தூக்கினேன்,
கை தோளுக்கு வந்துவிட்டது,
தயிர் கிண்ணத்தை விடவில்லை.
நூல்.
மேலே வெல்வெட்டுப் போல வெள்ளைப் பூஞ்சை வேறு.

இதற்கு நம்மிடம் சொல் உண்டு:
ஊசிப்போச்சு.
ஊசியும் இருக்கு, நூலும் இருக்கு,
தைக்கத்தான் துணியில்லை என்று
எனக்கு நானே ஒரு ஜோக் சொல்லிச் சிரித்து
தொட்டியில் கவிழ்த்தேன்.
அது அவசரப்படவில்லை.
சட்டைக் கைக்குள் கை நுழைவது போல
நிதானமாய் ஓட்டைக்குள் போனது.

மறுநாள், "எப்படி?"
"அருமை."
"இழுத்ததா?"
"இழுத்தது" என்றேன்.
அது மட்டும் உண்மை.

ஒன்பது நாள் கழித்து
சட்பரியிலிருந்து அவள் தம்பி யூஹா வந்தான்.
ஒரே இரவில் மூன்று கிண்ணத்தையும்
வழித்துத் தின்றுவிட்டான், விதை வைக்காமல்.
ஐலா சீருடையோடு என் படியில் நின்றாள்.
"நான் தந்ததில் ஒரு கரண்டி இருக்குமா? உறைக்கு."

அப்போதுதான் சொன்னாள்.
தொள்ளாயிரத்துப் பதினொன்றில் யாரோ ஒருத்தி
இதைக் கைக்குட்டையில் தோய்த்து, காயவைத்து,
மடித்து இடுப்பில் செருகிக் கப்பலேறினாளாம்.
இங்கே வந்து துணியைப் பாலில் போட்டாளாம்.
அவள் பெயர்? குடும்பத்தில் இரண்டு பெயர் சொல்கிறார்கள்,
சண்டை இன்னும் தீரவில்லை.

"நாளைக்குத் தருகிறேன்" என்றேன்.
ஏன் சொன்னேன்?

நான் வேலை பார்ப்பது பான்கேக் கடையில்.
இரவுக்கு நானூறு தட்டு கழுவுகிறேன்.
வீட்டில் என் தட்டைக் கழுவுவதில்லை. கொள்கை.
சோம்பல் என்பவர்கள்
நானூறு கழுவிவிட்டு வந்து பேசட்டும்.
ஆகவே, தொட்டிக்குக் கீழே, வாளிக்குள்,
சாம்பார்ச் சட்டி, இரண்டு டம்ளர், ஒரு வடிதட்டுக்கு அடியில்
ஐலாவின் கிண்ணம் கிடந்தது.
விளிம்பில் அப்பளத் துணுக்கு போல
ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.
முகர்ந்தேன். வாசனையே இல்லை.

பாலை ஊற்றினேன்,
வெதுவெதுப்பாகக்கூடக் காட்டாமல். கை கூசியது.
ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன்.
முதல் நாள் பால் பாலாகவே இருந்தது.
ஐலாவிடம் நாளைக்கு என்றேன்.
இரண்டாம் நாள் கொஞ்சம் தயங்கியது.
மறுபடி நாளைக்கு என்றேன்.
மூன்றாம் நாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல்
கரண்டியை விட்டுத் தூக்கினேன்.
தோள் வரைக்கும் வந்தது.

இந்தத் தடவை தின்றேன்.
புளிப்பு அதிகமில்லை; பச்சைப் புல் வாடை.
சோற்றில் பிசைந்தால் விரலிடுக்கில் நூல் கட்டுகிறது.
எலுமிச்சை ஊறுகாய்க்கு
இவ்வளவு நல்ல ஜோடி கிடைக்குமென்று
ஊறுகாயே நினைத்திருக்காது.

கிண்ணத்தை மேலே கொண்டுபோனேன்.
கொட்டியது, பொய் சொன்னது, வாளி
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
ஐலா வெகுநேரம் கிண்ணத்தையே பார்த்தாள்.
"ஒன்பது நாள் கழுவாமலா வைத்திருந்தாய்,
என் கிண்ணத்தை?"
அவள் கோபமெல்லாம் அதற்குத்தான்.

இப்போது என் ஃப்ரிட்ஜ் தலையிலும் ஒன்று உண்டு.
யூஹா ஊருக்கு வரும் நாளில்
மேலேயிருந்து குறுஞ்செய்தி வரும்:
கதவைத் தாழ் போட்டுக்கொள்.